பாலாவுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய இசிப்பிங்கோவிலிருந்து

அன்புள்ள பாலா,

பதில் போடாததற்கு என்னைப் பிறகு திட்டிக்கொள், முதலில் இதைப் படி. வீட்டில் எல்லோரும் நலம். கந்தசாமி அண்ணனுக்கு மூட்டுவலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

மீனா வேலை பார்க்கும் கார் உதிரிபாக ஆலையில் இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். அடுத்து யார் தலை என்று தெரியவில்லை. அவள் வேலையை நீ பார்த்ததில்லை. நீளமான பலகையில் வரிசையாக ஊசிகள் நிற்கும். அவற்றின் நடுவே நிறம்நிறமாக வயர்களை இழுத்து, கிளை பிரித்து, கறுப்பு நாடா சுற்றுவாள். ஒரு வயர் இடம் மாறினாலும் வண்டியில் விளக்கு எரியாது.

அந்நிய முதலீடு வந்தால் போதும், வேலை தானாக வரும் என்பாய். வந்தது, நான் மறுக்கவில்லை. பக்கத்துப் பிராஸ்பெக்டனில் டொயோட்டா கார் ஆலை இல்லையென்றால் இங்கே எத்தனை வீடுகளில் அடுப்பு எரியும்? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆலை மூழ்கியபோதும் அவர்கள் மூட்டை கட்டவில்லை. மாதக்கணக்கில் சீர்செய்து மறுபடி திறந்தார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் உன் போர்ட் எலிசபெத்தையே பார். 1926இல் அங்கே கார் செய்யத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் 1986இல் போனது. அது நிறவெறிக் காலம், காரணம் புரிகிறது. திரும்பி வந்து, 2017இல் மறுபடியும் போகிறேன் என்றதே, அதற்கு என்ன சொல்வாய்? இசுஸு வாங்கியதால் ஆலை பிழைத்தது. முடிவு எடுத்தது அமெரிக்காவில், டெட்ராயிட் தலைமையகத்தில். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது உன் தெருக்காரர்கள்.

1995இல் நம் அரசு கொண்டுவந்த மோட்டார் தொழில் வளர்ச்சித் திட்டத்தால் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு இறக்குமதியில் சுங்கவரிச் சலுகை கிடைத்தது. ஏற்றுமதி பெருகியது. ஆனால் இங்கே செய்யப்படும் காரில் உள்நாட்டுப் பாகங்களின் பங்கு மதிப்பில் சுமார் 40 சதவீதம்தான். 2035க்குள் 60 ஆக்குவோம் என்கிறது அரசு. மீனாவின் சோறு இந்த 40க்கும் 60க்கும் நடுவில் இருக்கிறது, பாலா. ஆலை வந்துவிட்டது என்று ரிப்பன் வெட்டிக் கைதட்டினால் போதாது. உள்ளே போகும் வயர் எங்கே கட்டப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

கந்தசாமி அண்ணன் "நம்ம டர்பன் வண்டி" என்று தெருவெல்லாம் காட்டிய டொயோட்டா ஸ்டார்லெட் கார் இந்தியாவில் செய்து கப்பலில் வந்தது. டர்பனில் செய்வது பக்கத்தில் நின்ற கொரோலா கிராஸ். சொன்னால் நம்ப மறுக்கிறார். நீயே சொல்லிப் பார்.

உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சாவில் உனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உதிரிபாக ஆலைகளில் ஆள் குறைத்தால் என்ன இழப்பீடு, மறுபயிற்சி உண்டா என்று கேட்டு உடனே எழுது. காவடிக்கு வரும்வரை காத்திருக்காதே.

உன்,
சிவா