கழிமுகத்துப் படகு

டர்பன்,
அக்டோபர் மாதம்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பேத்திகளுக்குப் பள்ளி விடுமுறை; அவர்களைக் கட்டி மேய்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

டிசம்பரில் லெனேசியாவிலிருந்து வரும்போது பேரனைத் திமிங்கிலம் காட்டப் படகில் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் தென்துருவக் கடலிலிருந்து மொசாம்பிக் பக்கம் குட்டி போடப் போய்த் திரும்புவது ஜூன் முதல் நவம்பர் வரைதான். அந்தக் காலத்திலேயே வந்தாலும், படகு கிளம்பும் செயின்ட் லூசியாவில், இங்கிருந்து வடக்கே உள்ள அந்தக் கடற்கரை ஊரில், துறைமுகம் கிடையாது. கடற்கரை மணலிலிருந்து நேரே அலைக்குள் படகைச் செலுத்துகிறார்கள். உன் முதுகுக்கும் நாலு வயதுப் பையனுக்கும் அது ஒத்துவராது.

அதே ஊரில் கழிமுகத்துப் படகு இருக்கிறது. அதில் போ. நாங்கள் போய் வந்தோம். புரட்டாசி விரதம் என்பதால் ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்; ஸ்டேங்கரைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் பாதியைத் தீர்த்துவிட்டார்கள். ம்டுபடுபாவில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் ஊர்.

இரண்டு மணி நேரப் பயணம். தண்ணீர் அசைவதே தெரியாது. ஏரியும் கழிமுகமும் சேர்ந்த அந்த நீர்நிலையில் எண்ணூறு நீர்யானைகள் வரை இருப்பதாகச் சொல்கிறார்கள்; ஆகவே பார்க்காமல் திரும்புவோமோ என்ற கவலை இல்லை. முதலில் பாறைகள் என்றுதான் நினைத்தோம். ஒரு பாறை காதை விசிறித் தண்ணீரைச் சிதறடித்தது. பிறகு மூக்குத் துளைகள் திறந்தன, புஸ்ஸென்று மூச்சு வந்தது, இரண்டு கண்கள் எங்களை அளந்தன. தாயின் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டு ஒரு குட்டி. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் சின்னவள் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். நீதான் அவளை அறிவாயே!

நீர்யானை நீந்தவே நீந்தாதாம், அடித்தரையில் நடக்கிறதாம். ஐந்து நிமிடம் வரை மூச்சை அடக்கும். வெயில் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு, இருட்டியதும் கரையேறி நாற்பது கிலோ வரை புல் மேய்கிறது. ஊருக்குள்ளும் வரும். இருட்டியபின் காருக்குக்கூடத் தனியாகப் போகாதீர்கள் என்று விடுதிக்காரம்மா எச்சரித்தார். பயமுறுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். காலையில் பார்த்தால் வாசல் புல்லோரத்து ஈரமண்ணில் நாலு விரல் பதிந்த தடம். பெரியவள் தன் கையை விரித்து அதற்குள் வைத்தாள். சுற்றிலும் இடம் மீதி இருந்தது.

முதலைகளையும் பார்த்தோம். சேற்றுத்திட்டில் ஒன்று வாயைப் பிளந்தபடி கிடந்தது. கோபமில்லை, உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்றாள் வழிகாட்டிப் பெண். நாணலில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. ஆண் பின்ன, பெண் வந்து பரிசோதித்து, பிடிக்காவிட்டால் பறந்துவிடுமாம். உன் மருமகள் வீடு பார்த்த கதை நினைவுக்கு வந்தது, அவளிடம் சொல்லிவிடாதே. மேல் தளத்தில் மட்டும் ஒரு கூட்டம் பியர் குடித்துக்கொண்டு கடைசிவரை இரைச்சல். கீழே உட்கார், விலங்குகளின் கண்மட்டத்தில் இருக்கலாம்.

உனக்கென்று ஒன்று. ம்ஃபொலோசி ஆற்றின் சமவெளியில் கரும்பு போட்டார்கள் அல்லவா? சதுப்பை வடித்ததால் சேறு தங்க இடமில்லாமல் கழிமுகத்தில் வந்து இறங்கியது. 1950களில் ஆற்றையே ஏரியிலிருந்து பிரித்து, கடலுக்குத் தனிவழி வெட்டினார்கள். நன்னீர் குறைந்துபோன ஏரி, 2002க்குப் பின் வந்த வறட்சியில் பெரும்பகுதி வற்றிப்போனது. அண்மை ஆண்டுகளில்தான் பெரும் செலவு செய்து ஆற்றை மறுபடி அதனோடு சேர்த்திருக்கிறார்கள். 1999லேயே உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. பட்டம் தண்ணீர் தருமா? கரும்புக்காக நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றியதைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருந்தோம். ஆற்றையும் அது விட்டுவைக்கவில்லை என்பது இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

டிசம்பரில் வெயில் கொளுத்தும். மாலைப் படகே நல்லது. தொப்பியும் கொசு மருந்தும் மறக்காதே. மலேரியா அங்கே குறைவுதான், ஆனாலும் பையன் சின்னவன், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். தண்ணீரில் கால் நனைக்க விடாதே: நீர்யானை, முதலை, சுறா மூன்றுமே அங்கே உண்டு. விடுமுறைக் கூட்டத்தில் டிக்கெட் கிடைப்பது கடினம், எந்த வாரம் வருகிறாய் என்று சீக்கிரம் எழுது. தங்கச்சிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது தெரியும். நடுவில் உட்கார வைத்து ரொட்டிப் பொட்டலத்தை அவள் பொறுப்பில் விட்டுவிடலாம்.

அன்புடன்,
சுந்தரம்