தாழ்ப்பாளும் ஐந்து புளியங்கொட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கான பயிற்சி ஒன்றுக்குச் சென்ற மாதம் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். 10 மணிக்கு வரச் சொல்லி 11-க்குத் தொடங்கினார்கள். புரொஜெக்டர் வயர் பிளக் வரை எட்டவில்லை. அதற்கு அரை மணி. பிறகு பயிற்சி தர வந்த கருத்தாளர் சட்டப் பிரிவுகளை வரிசையாக வாசித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த தாய் ஒருவர், மடியில் தூங்கிய குழந்தைக்குக் கையேட்டால் விசிறிக்கொண்டிருந்தார். கையேடு அதற்காவது உதவியது.

கருத்தாளரைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின நாள் மாலைதான் அவருக்கே தகவல் வந்ததாம்.

1991-இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவள் நான். அரிக்கேனில் எண்ணெய் இருக்கிறதா, நாற்று நடப்போன பெண்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று பகலிலேயே விசாரித்து வைக்காவிட்டால் அன்றிரவு வகுப்புக்கு ஆள் இருக்காது. அந்தப் பழக்கம் விடவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவதும் அவர்கள் வேலை. நான் தலைமையாசிரியையாக இருந்தபோது அதற்கான கூட்டத்தைப் பிள்ளைகளை அழைக்க வரும் மாலை நேரத்தில் வைத்தேன். பெஞ்சுகளை ஒதுக்கி ஜமுக்காளம் விரித்தோம். கோலமாவு, ஒரு படி புளியங்கொட்டை. கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எந்த இடத்துக்குப் போகத் தயங்குகிறது?

பெண்கள் கோலமாவால் பள்ளியைத் தரையில் வரைந்தார்கள். (ஆண்கள் முந்திக்கொள்வார்கள் என்று தெரிந்தே மாவைப் பெண்கள் பக்கம் வைத்திருந்தேன்.) ஆளுக்கு ஐந்து கொட்டை; எது முக்கியமோ அங்கே வைக்க வேண்டும். சுற்றுச்சுவரில்தான் குவியும் என்று நினைத்தேன். ஓர் அம்மா ஐந்தையும் பெண்பிள்ளைகள் கழிப்பறையில் வைத்தார். “தாழ்ப்பாள் இல்ல டீச்சர். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்.” ஆறு வருஷம் அதே பள்ளியில் இருந்தேன்; எனக்குத் தெரியாது.

அடுத்த சுற்றிலாவது கருத்தாளர்களுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்லட்டும். பயிற்சி நடக்கும் கூடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவர பஸ் காசும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.