எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரமலான் பிறை தெரிந்த மறுநாள் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், "முஸ்லிம்கள் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எச்சிலைக்கூட விழுங்காமல் பட்டினி கிடப்பார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். பல ஆண்டுகளாக நோன்பு மாதம் வந்தாலே இதே வரி வார்த்தை மாறாமல் வருகிறது. இந்த முறையும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் உதயம். நோன்பு சூரிய உதயத்தில் தொடங்குவதில்லை. வைகறையில், சுபுஹு (அதிகாலைத் தொழுகை) நேரம் நுழையும்போதே தொடங்கிவிடுகிறது. மார்ச் நடுவில் சென்னையில் சூரியன் உதிப்பது சுமார் 6.15 மணிக்கு. சுபுஹு நேரமோ 5 மணியை ஒட்டியே நுழைந்துவிடும். இடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது. கீழ்வானத்தில் முதலில் ஓநாயின் வால் போலச் செங்குத்தாக ஒரு வெளிச்சம் எழுந்து மங்கும். அது பொய் வைகறை, அப்போது சாப்பிடலாம். அதன் பிறகு அடிவானம் நெடுகிலும் கிடைமட்டமாக வெண்மை பரவும். அதுதான் மெய் வைகறை. கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் தெளிவாகும்வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்று குர்ஆன் (2:187) சொல்வது இந்த வெண்மையைத்தான். அடுத்த பக்கத்தில் நீங்கள் அச்சிடும் உதய நேரத்தை நம்பி, புதிதாக நோன்பு பிடிக்கும் ஒருவர் 6 மணிக்கு ஸஹர் (வைகறைக்கு முந்தைய உணவு) சாப்பிட்டால் அன்றைய நோன்பு நோன்பே அல்ல. அதைப் பிறகு களா செய்தாக வேண்டும், அதாவது வேறொரு நாளில் ஈடாக நோற்க வேண்டும். ஒரு சொல்லைத் தவறாகப் போட்டதால் ஒருவரின் ஒரு நாள் போய்விடுகிறது, ஐயா.

அதைவிட வருத்தம், நீங்கள் வெளியிடும் "இன்றைய நோன்பு திறப்பு நேரம்". அது சென்னையின் நேரம். அப்படி ஒரு குறிப்புகூட இல்லாமல் கோவைப் பதிப்பிலும் அதையே போடுகிறீர்கள். சென்னைக்கும் கோவைக்கும் தீர்க்கரேகையில் 3 பாகைக்கு மேல் வித்தியாசம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் கோவையில் சூரியன் மறைவது சுமார் 13 நிமிடம் பிந்தித்தான். ஸஹருக்கு இதனால் கேடில்லை, முன்கூட்டியே நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். மாலையில்தான் ஆபத்து. பகல் முழுக்கத் தாகத்தோடு இருந்தவர், பாங்கு கேட்காத இடத்தில் உங்கள் நேரத்தை நம்பிப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தால், சூரியன் இன்னும் மறையாத நேரத்தில் நோன்பை முறித்தவராகிறார். இதைப் பற்றி மூன்று ரமலான்களில் மூன்று கடிதம் எழுதியாயிற்று. ஒன்றுக்கும் பதில் இல்லை.

அடுத்து எச்சில். வாயில் ஊறும் எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியாது. எந்த மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட மரபிலும்) இதுதான் சட்டம். தொழுகைக்காக ஒளுச் செய்யும்போது (முகம், கை, கால் கழுவும்போது) வாய் கொப்பளிக்கலாம். தொண்டை வரை கொப்பளிப்பதையும் மூக்கில் நீரை ஆழமாக இழுப்பதையும் மட்டும் தவிர்க்க வேண்டும். மறதியாகச் சாப்பிட்டுவிட்டாலும் நினைவு வந்ததும் நிறுத்திவிட்டு நோன்பைத் தொடரலாம். அது அல்லாஹ் ஊட்டியது என்பது நபிமொழி. உங்கள் வரியைப் படித்த ஆசிரியர்களும் சக மாணவர்களும் "எச்சிலை விழுங்கிட்டியா?" என்று கேட்கக் கேட்க, பத்து வயதுப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து எழுந்து எழுந்து போய்த் துப்புகிறார்கள். இருக்கிற ஈரமும் போய், மதியத்துக்குள் தொண்டை வறண்டு சுருண்டு விடுகிறார்கள். மார்க்கம் சுமத்தாத சுமை இது.

பட்டினி என்ற சொல்தான் மிகவும் புண்படுத்துகிறது. நிய்யத் (நோன்பு நோற்கிறேன் என்ற மன உறுதி) இல்லாமல் நாள் முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்தால் அது நோன்பாகாது. ஷாஃபி மத்ஹபில் ஒவ்வோர் இரவும் வைகறைக்கு முன்பே நிய்யத் வைத்தாக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ரமலான் நோன்புக்கு நண்பகலுக்கு முன்புவரை அவகாசம் உண்டு. நிய்யத் வைத்துவிட்டுப் பொய்யையும் அதன்படி நடப்பதையும் விடாதவர், உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நாவும் கண்ணும் கையும் சேர்ந்து பிடிப்பது நோன்பு. இதைப் பட்டினி என்று எழுதக் கை எப்படி வருகிறது?

தங்கள் மருத்துவப் பகுதியில் "நோயாளிகளும் கட்டாயம் நோன்பு இருக்கிறார்கள்" என்று வந்தது. குர்ஆன் 2:184, 185 வசனங்களைப் புரட்டியிருந்தால் போதும். நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்க அனுமதி. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பாதிப்பு வரும் என்ற அச்சமிருந்தால் அனுமதி. மாதவிடாயில் நோன்பு கூடவே கூடாது, பிறகு களா செய்ய வேண்டும். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளியும் தள்ளாத முதியவரும் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று ஃபித்யா கொடுத்தால் போதும். சர்க்கரை நோயாளிகளுக்கு நீங்கள் எழுதியிருக்க வேண்டியது வேறு. விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ மணி மாலை 6 ஆனாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். அந்த ஒரு நாளுக்குக் களா உண்டு, கஃப்பாரா (குற்றப் பரிகாரம்) இல்லை. மாத்திரை, இன்சுலின் அளவை ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்க வேண்டும். இது தெரியாமல் "இன்னும் அரை மணி நேரம்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நோன்புக் கஞ்சிச் செய்முறையையும் விடுவதற்கில்லை. தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிடச் சொல்லியிருந்தீர்கள். பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். ஒரு டம்ளர் பச்சரிசி நொய்க்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், பத்து டம்ளர் தண்ணீர். பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, கொத்துக்கறி, மல்லி, புதினா எல்லாம் வதங்கிய பிறகு தண்ணீர் ஊற்றி, அரிசி குழையும்வரை அடிப்பிடிக்காமல் துழாவ வேண்டும். கடைசியில்தான் தேங்காய்ப்பால். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு நீரும் உப்பும் பதமாகச் சேரும் உணவு அது. அதன் படத்துக்குக் கீழே "இஃப்தார் விருந்தில் பிரியாணி" என்று போட்டதும் தங்கள் நாளிதழ்தான்.

ரமலான் என்பது மாதத்தின் பெயர், நீங்கள் எழுதுவதுபோல் பெருநாளின் பெயர் அல்ல. பெருநாளின் பெயர் ஈதுல் ஃபித்ர், நம் வழக்கில் நோன்புப் பெருநாள். இதையும் எத்தனையோ முறை எழுதியாயிற்று.

நான் கேட்பது பெரிதல்ல. "சூரிய உதயம்" என்ற இடத்தில் "வைகறை" என்று போடுங்கள். நேரத்தைச் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று ஊர் வாரியாக நான்கு வரியில் அச்சிடுங்கள். பட்டியல் வேண்டுமென்றால் அந்தந்த ஊர் ஜமாஅத்தில் கேட்டாலே கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
உக்கடம், கோவை.