மானாவாரிப் பயறுக்கும் அடியுரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பயறு வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தாமே எடுத்துக்கொள்வதால், மழையை மட்டுமே நம்பிய மானாவாரியில் அவற்றுக்கு உரமே தேவையில்லை என்ற எண்ணம் விவசாயிகளிடையே ஊறிக் கிடக்கிறது. முதல் பாதி ஓரளவு சரி, முடிவுதான் தவறு. தழைச்சத்தை நிலைப்படுத்துவது வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர். அந்த வேலைக்கு மிகுந்த ஆற்றல் செலவாகிறது. அந்த ஆற்றல் பரிமாற்றத்துக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) இன்றியமையாதது என்பதால், அது குறைந்த மண்ணில் முடிச்சுகள் எண்ணிக்கையிலும் அளவிலும் குன்றிவிடுகின்றன. பூக்கும் தருணத்துக்குச் சற்று முன் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து (பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்துவிடும்) ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை.

மானாவாரிப் பயறுக்கு அடியுரமாக, அதாவது விதைப்பை ஒட்டி மண்ணில் இடும் உரமாக, பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது ஹெக்டேருக்கு 12.5 கிலோ தழைச்சத்து, 25 கிலோ மணிச்சத்து, 12.5 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்), 10 கிலோ கந்தகம். முடிச்சுகள் உருவாகும்வரை இளஞ்செடியைத் தாங்குவதற்கே அந்தச் சிறு அளவு தழைச்சத்து. பயிர் வெளிறுகிறதே என்று அதற்கு மேல் யூரியாவைத் தூவினால் முடிச்சு பிடிப்பதே தடைப்படும். மணிச்சத்தை 16 சதவீத சூப்பர் பாஸ்பேட்டாக இட்டால் சுமார் 156 கிலோ தேவைப்படும். அதிலேயே தேவைக்கு மேல் கந்தகமும் வந்துவிடும். தழைச்சத்தும் மணிச்சத்தும் மட்டுமே உள்ள டி.ஏ.பி. உரத்தில் இந்த வசதி இல்லை.

எவ்வளவு இடுகிறோம் என்பதைவிட எங்கே இடுகிறோம் என்பதே மானாவாரியில் முக்கியம் என்பேன். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. மேலே தூவிவிட்டால், மழை இடைவெளியில் மேல்மண் காய்ந்து உரம் அங்கேயே முடங்கிக் கிடக்க, வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிவிடும். ஆகவே கடைசி உழவிலோ விதைப்பின்போதோ, விதையைத் தொடாமல், அதற்குச் சற்றுக் கீழே விழும்படி சாலில் (உழுத கோட்டில்) இடுவதே சரி.

பூக்கும் பருவத்திலும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலைத் தெளிப்பதும் பலனளிக்கும்; காய்கள் திரளும்போது முடிச்சுகளுக்குச் செல்லும் மாவுச்சத்து குறைந்து அவை ஓயத் தொடங்குவதே இதற்குக் காரணம். லிட்டருக்கு 20 கிராம் வீதம் முந்தைய இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து மாலையில் தெளிக்க வேண்டும்.

விதையில் கலப்பதற்காகப் பொட்டலமாக விற்கப்படும் ரைசோபியம் உயிர்ப் பொருள் என்பதை விற்பவர்களும் வாங்குபவர்களும் மறந்துவிடுகிறோம். வெயிலில் கிடந்த பொட்டலத்தால் எந்தப் பயனும் இல்லை. விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி நேர்த்தியை முன்னதாகவே முடித்து, ரைசோபியத்தைக் கடைசியில் கலந்து, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். விதையோடு இந்தப் பொட்டலத்தையும் வழங்கும் திட்டங்களில், அது குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்ததா, காலாவதி ஆகாததா என்று பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை வேளாண் துறையினர் ஏற்க வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு மானாவாரி விவசாயி