நான் பார்த்த ‘சடங்கு’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார ஞாயிறு மலரில் சட்டக் கல்லூரிகளைப் பற்றிய கட்டுரை படித்தேன். சென்னையில் 1891-ல் தொடங்கிய கல்லூரி, அங்கே படித்த சுப்பா ராவும் சதாசிவமும் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனது என்று ஒரு பக்கம் முழுக்கப் பெருமை. சந்தோஷம். கடைசிப் பத்தியில் மட்டும், மாணவர்கள் கிராமத்தில் நடத்தும் சட்ட உதவி முகாமெல்லாம் மதிப்பெண்ணுக்கான சடங்கு என்று ஒரு வரி. எழுதியவர் எந்த முகாமுக்குப் போனாரோ தெரியாது. நான் போனேன்.

எனக்கு 1987-ல் கல்யாணம். அப்பா 2008-ல் இறந்ததும், பூர்வீக வீட்டில் உனக்குப் பங்கு இல்லை என்று அண்ணன்கள் சொன்னார்கள். 2011-ல் உங்கள் சட்டக் கேள்வி பதில் பகுதிக்கு எழுதிப் போட்டேன். 25.3.1989-க்கு முன்பே மணமானவர் என்பதால் பங்கு கேட்க முடியாது என்று பதில் வந்தது. பெரியண்ணன் அந்தப் பக்கத்தை வெட்டி பீரோவில் வைத்துக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன், பத்திரிகையே சொல்லிவிட்டதே!

போன வருடம் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்துக்கு வந்த பிள்ளைகளில் ஒரு பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும், கேட்ட உடனே சொன்னாள்: “பாட்டி, அது தமிழ்நாட்டுச் சட்டம். 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில் அந்தக் கல்யாணக் கணக்கே கிடையாது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி பாகப்பிரிவினை பதிவாகியிருக்கா, அதைத்தான் முக்கியமா பார்க்கணும்.” பதிவு எதுவும் ஆகவில்லை. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அவளே பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளக்கினாள். ஆக, 2011-ல் நீங்கள் போட்ட பதில் ஆறு வருடம் பழையது. உங்களுக்குத் தெரியாத சட்டமா? பார்க்க நேரமில்லாமல் இருந்திருக்கும்.

மாணவர்கள் வழக்காட முடியாது என்பது எனக்கும் தெரியும். மனுவை எழுதித் தந்து, வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குக் கூடவே வந்தார்கள். பெண்களுக்கு வருமானச் சான்றிதழே வேண்டாமாம், இலவசமாக வக்கீல் தருவார்களாம். இதுகூடத் தெரியாமல் அந்தச் சான்றிதழுக்காக எத்தனை நாள் கிராம நிர்வாக அலுவலர் வீட்டு வாசலில் நின்றிருப்பேன்! இப்போது வழக்கு சமரச மையத்தில் இருக்கிறது. அண்ணன்கள் இரண்டு வாய்தாவுக்கு வந்தார்கள், மூன்றாவதுக்கு வரவில்லை.

சட்டக் கல்லூரியில் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் 2008-ல் போட்ட விதியாம். சரி, விதிக்காகவும் மார்க்குக்காகவுமே வரட்டுமே, உங்கள் நிருபர் எதற்காக வந்தார்? அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் சால்வை வாங்கியதைப் படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். எங்கள் ஊர்ப் பெயரைக்கூடத் தப்பாகப் போட்டீர்கள். அதைப் பற்றி நான் எழுதிய கடிதமும் வரவில்லை. மாணவர்கள் கல்லெறிந்தால் மட்டும் முதல் பக்கம்.

2011-க்கு இப்போது மறுப்புப் போடச் சொல்லவில்லை. கேள்வி பதில் பகுதிக்குக் கீழே இலவச சட்ட உதவி எண் 15100 என்று ஒரே ஒரு வரி, வாராவாரம் போடுங்கள். மூல நோய் விளம்பரத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி

(பெயர் போட வேண்டாம். அண்ணன்கள் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான்.)