பத்தாத கேஸ் கீசரை 'ஷார்ட்' பண்ணி பத்த வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மார்கழி தை வந்தா உங்க பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு சின்ன பெட்டிச் செய்தி வரும். குளியலறையில் மயங்கிக் கிடந்தார், கேஸ் கீசர், மூச்சுத்திணறல், போலீசார் விசாரணை, அவ்ளோதான், நாலு வரி. அந்த கீசருக்கு என்ன கோளாறு, முந்தின வாரம் யாராவது அதை கழட்டி மாட்டினாங்களா, அதையெல்லாம் யாரும் எழுதறதில்ல. இந்த வருஷம் எங்க வீடும் அந்த நாலு வரியில வந்திருக்கும், எப்படியோ தப்பிச்சோம், அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டறதா இருந்தா முன்னாடி பாதியை வெட்டுங்க, பின்னாடி பாதியை விட்டுருங்க.

நாங்க இருக்கறது ஊட்டிக்கு பக்கத்துல லவ்டேல். மழைக்காலத்துல ஒரு மரம் லைன் மேல சாஞ்சா ரெண்டு நாள் கரண்ட் வராது, அதனால கரண்ட் கீசரை நம்பாம 6 லிட்டர் கேஸ் கீசர் பாத்ரூம்லயே மாட்டி வெச்சிருக்கோம், இந்தப் பக்கம் நிறைய வீட்ல இதுதான். போன குளிருக்கு அது மூணு தடவை மக்கர் பண்ணுச்சு. மூணு தடவையும் நாங்க சொன்னது ஒரே டயலாக்தான், "கேஸ் தீந்துடுச்சு போல". மூணு தடவையும் அது இல்ல.

முதல் தடவை குழாயை திறந்தா ஒரு சத்தமும் இல்ல. கீசர் நல்லா இருந்தா தண்ணி வந்ததும் டக் டக் டக்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அந்த சத்தமே வரல. இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும், சத்தமே வரலன்னா சிலிண்டரை போய் ஆட்டி பாக்கறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா விஷயம் இன்னும் கேஸ் வரைக்கும் போகவே இல்ல. தண்ணி வேகமா வந்தா உள்ள ஒரு ரப்பர் தகடு உப்பி ஒரு ஊசியை தள்ளும், ஊசி ஒரு சுவிட்சை தட்டும், அப்புறம்தான் பேட்டரியில இருந்து பவர் போயி பொறி அடிக்கும், அதோட கேஸ் வால்வும் திறக்கும். அதனால சத்தம் இல்லன்னா ஒண்ணு தண்ணி வேகம் பத்தல, இல்ல பேட்டரி போச்சு. எங்களுக்கு ரெண்டுமே. தண்ணி உள்ள போற இடத்துல சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கு, அதை கழட்டினா மழைக்கு டேங்க்ல இறங்கின செம்மண்ணு அப்படியே களிமண் உருண்டை மாதிரி அடைச்சு கிடக்கு. பழைய டூத்பிரஷ்ல தேச்சு மாட்டினேன்.

பேட்டரி கதை நான் பண்ண கூத்து. டார்ச் லைட்டுக்கு போடற பெரிய பேட்டரி ரெண்டு போடணும், வருஷத்துக்கு மூணு செட் வாங்க வேண்டியிருக்கேன்னு பேரன் கிட்ட சொல்லி ஆன்லைன்ல சார்ஜ் பண்ற பேட்டரி வாங்கி போட்டேன், காசு மிச்சம் பண்றேனாம். அது ஒண்ணு 1.2 வோல்ட்தான், சாதா பேட்டரி 1.5. ரெண்டு சேந்தா 3 வோல்ட் வர வேண்டிய இடத்துல 2.4தான் வரும், அதுலயும் குளிர்ல பேட்டரியே சோம்பேறி ஆயிடும். சாதா அல்கலைன் பேட்டரி போட்டதும் டக் டக்னு ஆரம்பிச்சுடுச்சு. வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லல, ஒரு பார்வை மட்டும் பாத்தாங்க.

ரெண்டாவது தடவை வேற மாதிரி. டக் டக் சத்தம் நல்லா கேக்குது, பத்த மாட்டேங்குது. அதுவும் காலைல ஆறு மணிக்கு பத்தாது, பதினோரு மணிக்கு வெயில் வந்தா சமத்தா பத்தும். பேய் புடிச்ச கீசர்னு சிரிச்சோம். கோளாறு கீசர்ல இல்ல, வெளிய ஷெட்ல இருந்த சிலிண்டர்ல. நம்ம சிலிண்டர்ல புரோபேனும் பியூட்டேனும் கலந்துதான் இருக்கு. புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலயே ஆவியாயிடும், பியூட்டேனுக்கு பூஜ்யத்துக்கு மேல இருந்தாதான் ஆவியாக மனசு வரும். புது சிலிண்டர்ல புரோபேன் முன்னாடி கிளம்பி போயிடும், கடைசி மூணு நாலு கிலோவுல பியூட்டேன்தான் ஜாஸ்தி தங்கும். உறைபனி விழற காலைல அது திரவமாவே படுத்துக்கும், பிரஷர் வராது. அதுலயும் 6 லிட்டர் கீசர் முழுசா எரிஞ்சா மணிக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் இழுக்கும், அவ்ளோ வேகமா ஆவியாகறப்ப சிலிண்டர் இன்னும் ஜில்லுன்னு ஆயிடும், வெளிப்பக்கமெல்லாம் வேர்த்து நிக்கறதை பாத்திருப்பீங்க.

இதுக்கு எங்க ஏரியாவுல ஒரு வைத்தியம் உண்டு, சிலிண்டர் மேல சுடுதண்ணி ஊத்தறது, இல்ல சுடுதண்ணி டப்ல உக்கார வைக்கறது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, படுக்க வைக்கவும் கூடாது. சிம்பிளா அந்த சிலிண்டரை எடுத்து அடுப்புக்கு மாட்டிட்டு புது சிலிண்டரை கீசருக்கு மாட்டுங்க. அடுப்பு கொஞ்சம் கொஞ்சமாதான் இழுக்கும், அதுக்கு அந்த பிரஷர் போதும். புது சிலிண்டர் மாட்டினதும் ட்யூப்ல காத்து இருக்கும், முதல்ல ரெண்டு மூணு தடவை பத்தாது, குழாயை மூடி திறந்து பொறுமையா பாருங்க. ஆனா கேஸ் வாடை அடிச்சா முயற்சியே பண்ணக்கூடாது, ரெகுலேட்டரை மூடிட்டு ஜன்னலை திறந்துட்டு கேஸ் கசிவு அவசர நம்பர் 1906க்கு போன் போடுங்க.

இப்ப மூணாவது தடவை. இதுக்காகத்தான் இவ்ளோ எழுதறேன்.

தை மாசம் ஒரு நாள், கீசர் பத்துது, நாலஞ்சு நிமிஷம் எரியுது, அணைஞ்சுடுது. மறுபடி பத்த மாட்டேங்குது. பத்து நிமிஷம் ஆறவிட்டா திரும்ப பத்துது, திரும்ப அணையுது. தலையில சோப்பு நுரையோட எத்தனை நாள் நிக்கறது. ஒரு மெக்கானிக் வந்தாரு, மூடியை கழட்டினாரு, அஞ்சு நிமிஷம் கூட ஆகல, "சென்சார் போயிடுச்சு சார், அது வேஸ்ட் பார்ட், ஷார்ட் பண்ணி விட்டுட்டேன், இனி தொந்தரவே வராது"ன்னு 300 ரூபா வாங்கிட்டு போயிட்டாரு. அவர் சொன்ன மாதிரியே தொந்தரவே இல்ல. சூப்பரா எரிஞ்சுது. எங்களுக்கு ஏக சந்தோஷம், அந்த மெக்கானிக் நம்பரை பக்கத்து வீட்டுக்கு வேற கொடுத்தேன்.

ஒரு வாரம் போச்சு. வீட்டுக்காரி குளிச்சிட்டு வந்தா தலைவலின்னாங்க, குளிர்னு நெனச்சோம். அடுத்த நாள் வாந்தி வர மாதிரி இருக்குன்னாங்க, பித்தம்னு சுக்கு காப்பி போட்டேன். மூணாம் நாள் பாத்ரூம்ல பக்கெட் உருளற சத்தம் கேட்டு கதவை தட்டினா பதில் இல்ல, நல்லவேளை தாழ்ப்பாள் லூசு, தள்ளினதும் திறந்துடுச்சு, செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்காங்க, கண்ணு திறந்திருக்கு, ஆனா நான் கூப்பிடறது காதுல விழல. தூக்கிட்டு வந்து வாசல்ல உக்கார வெச்சேன். பிபியா இருக்கும்னு பாத்தேன். கொரோனா டைம்ல வாங்கின ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டினேன், 98 காட்டுது. அப்பாடா ஆக்சிஜன் நல்லா இருக்குன்னு நெனச்சேன் பாருங்க, அதுதான் பெரிய தப்பு.

ஆஸ்பத்திரியில டாக்டர் மொத கேள்வியே "வீட்ல கேஸ் கீசரா?" அப்புறம்தான் விளக்கினாரு. காத்து பத்தாம கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு விஷவாயு வருமாம், அது ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்குமாம், இந்த விரல் மிஷினுக்கு ஆக்சிஜன் எது மோனாக்சைடு எதுன்னு பிரிச்சு பாக்க தெரியாது, ரெண்டையும் ஆக்சிஜன்னே கணக்கு காட்டும். அதனால 98 காட்டறதை நம்பி வீட்லயே படுக்க வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சு பாருங்க. சமையல் கேஸுக்காவது வாடை சேத்திருக்காங்க, இதுக்கு வாடை கிடையாது, கலர் கிடையாது, இருமல் கூட வராது. மாஸ்க் வெச்சு ஆக்சிஜன் கொடுத்து ஒரு நாள் வெச்சிருந்தாங்க, இப்ப நல்லா இருக்காங்க.

திரும்பி வந்ததும் மேட்டுப்பாளையத்துல இருந்து வேற ஒரு மெக்கானிக் பையனை வரவழைச்சேன். அவன் கீசரை தொடவே இல்ல, முதல்ல வெளிய போயி செவுத்துல நீட்டிட்டு இருக்கற புகைக்குழாயை பாத்தான். உள்ள குச்சியும் சருகும் துணிக்கந்தலுமா ஒரு மைனா கூடு, முழுசா அடைப்பு. அப்புறம் உள்ள வந்து மேல வென்டிலேட்டரை பாத்தான், அதுல தெர்மாக்கோல் அட்டை வெட்டி செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்துது. அது என் கைவேலை, குளிர்காத்து வருதுன்னு டிசம்பர்ல நானே அடைச்சேன். கடைசியா மூடியை கழட்டினான். சின்னதா ஒரு ரூபா காசு மாதிரி ஒரு சுவிட்ச், அதுல இருந்து வந்த ரெண்டு ஒயரையும் வெட்டி ஒண்ணோட ஒண்ணு முறுக்கி கருப்பு டேப் சுத்தியிருக்கு. "யாருங்கய்யா இதை பண்ணது?"ன்னு கேட்டான், அவன் முகமே மாறிடுச்சு.

அந்த சுவிட்சுக்கு வேலையே, புகை வெளிய போகாம திரும்பினா அந்த சூட்டுல கேஸை நிறுத்தறதுதான். கீசர் அணைஞ்சு அணைஞ்சு போனது கோளாறே இல்ல, அது ஒழுங்கா வேலை செஞ்சிட்டு இருந்துது. ஒரு வாரமா எங்களை காப்பாத்திட்டு இருந்த பார்ட்டை 300 ரூபா கொடுத்து வெட்டி எடுத்திருக்கோம்.

மலையில இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. ஊட்டி 2240 மீட்டர் உயரம், கீழ மேட்டுப்பாளையத்தோட பாத்தா இங்க காத்து அஞ்சுல ஒரு பங்கு கம்மி. அதே பாத்ரூம், அதே கீசர், ஆனா எரியறதுக்கு கெடைக்கற ஆக்சிஜன் கம்மி, கதவு ஜன்னலை வேற குளிருக்கு இறுக்கி சாத்திக்கறோம். தீ நீலமா இல்லாம மஞ்சளா ஆடினா, கீசர் முகப்புல கரி படிஞ்சா, அன்னையோட நிறுத்திடணும். எங்க கீசர்ல அந்த கரி இருந்துது, நான் துணியால தொடைச்சு விட்டேன், அழுக்குன்னு நெனச்சு.

இப்ப கீசரை கழட்டி பாத்ரூமுக்கு வெளிய, மழை படாத தாழ்வாரத்து செவுத்துல மாட்டியாச்சு, சுடுதண்ணி பைப் மட்டும்தான் உள்ள வருது. பைப்புக்கும் கூலிக்கும் 2,800 ரூபா ஆச்சு. பக்கத்து வீட்டுக்கும் போயி விஷயத்தை சொன்னேன், அந்த மெக்கானிக் அங்கயும் அதே வேலையை பண்ணி வெச்சிருந்தாரு, நல்லவேளை அவங்க பாத்ரூம்ல ஜன்னல் பெருசு.

உங்க கிட்ட கேக்கறது ரெண்டே விஷயம். அந்த பெட்டிச் செய்தி போடறப்ப கீசர் உள்ள மாட்டியிருந்துதா வெளியவா, புகைக்குழாய் இருந்துதா, சமீபத்துல ரிப்பேர் பாத்தாங்களான்னு உங்க நிருபர்கள் ஒரு கேள்வி கேட்டு அதையும் ஒரு வரி சேத்து போடுங்க. இன்னொண்ணு, கார்த்திகை முடியறதுக்குள்ள நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பதிப்புலயாவது அரைப்பக்கம் இதை படத்தோட போடுங்க, அந்த காசு சைஸ் சுவிட்ச் படத்தை பெருசா போடுங்க. ரிப்பேர் முடிஞ்சதும் மூடியை மாட்டறதுக்கு முன்னாடி அதுல ஒயர் ரெண்டும் இருக்கான்னு வீட்டுக்காரங்களே பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
லவ்டேல், நீலகிரி மாவட்டம்