புல்லட்டை இரும்புக்குப் போட வேண்டாம் அப்பா

பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் அனுப்பிய பணம் கிடைத்ததாக அம்மா சொன்னாள். முழங்கால் வலிக்கு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நம் புல்லட் பைக்கைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடப் போகிறீர்களாமே? தங்கச்சி சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். போட வேண்டாம் அப்பா. இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் பேக்டரி பாயான் லெப்பாஸில் இருக்கிறது. ஞாயிறு லீவு. ரூமில் நாலு பேர் படுத்துக் கிடப்பதைவிட மேல் என்று ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போகிறேன். நடத்துபவர் நம் ஆள்தான். தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். இங்கே பெரியவர்களை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். கூலி வாங்குவதில்லை. மதியம் சோறு போடுகிறார், வேலை சொல்லித் தருகிறார்.

இரண்டு மாதம் முன்பு தெலுக் பஹாங்கிலிருந்து ஒரு மீனவர் ஹோண்டா சி70 கொண்டுவந்தார். இந்த மாதிரிச் சின்ன பைக்கை இந்த ஊரில் கப்சாய் என்பார்கள். 72 சிசிதான். கடலோரத்தில் வருஷக்கணக்காக நின்ற வண்டி. கிக்கர் துளியும் இறங்கவில்லை. போல்ட்டெல்லாம் துரு, அலுமினியம் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் நான் நேராகச் சுத்தியலை எடுத்தேன். அங்கிள் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, முதல்ல எண்ணெய், அப்புறம் சூடு, அப்புறம் நாள். சுத்தியல் கடைசியில" என்றார்.

நான் கேட்கவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் சைலன்சரின் நட்டை முழு பலத்தோடு திருகினேன். நட்டு மாட்டியிருக்கும் மரைக் கம்பி, அதாவது ஸ்டட், இன்ஜின் ஹெட்டோடு ஒட்ட முறிந்துவிட்டது. அவர் திட்டவே இல்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங் பிடித்தார். அந்தச் சூட்டிலேயே துரு விட்டுவிட்டது. கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பேனரைப் போட்டதும் ஸ்டட் தானாக வந்தது. மரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சூடு ஏன் வேலை செய்கிறது என்றும் சொன்னார். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினியத்துக்குள் மாட்டிய இரும்பு போல்ட் என்றால், சுற்றியுள்ள இடத்தைச் சூடாக்கினால் ஓட்டை அகன்று பிடி தளரும். சூடாக இருக்கும்போதே மெழுகுவத்தியைத் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் தானே ஊறி இறங்குகிறது. நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் கழற்றும் பக்கம் திருப்பும் முன், இறுக்கும் பக்கம் துளி அசைக்க வேண்டும். அந்தச் சின்ன அசைவில்தான் துரு உடைகிறது. பெட்ரோல் டாங்கியை இறக்கித் தூரமாக வைத்த பிறகே நெருப்பைக் கிட்டே கொண்டுவருவார்.

பிஸ்டன்தான் பெரிய வேலை. கப்சாயில் சிலிண்டர் படுத்தவாக்கில் இருக்கும். எண்ணெய் ஊற்றினால் கீழ்ப்பக்கம் மட்டும்தான் நனையும். இன்ஜினைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். அதைக் கழற்றி, சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டை எடுத்து, பழைய டயரின் மேல் சிலிண்டர் வானத்தைப் பார்க்க நிறுத்தினோம். ஆட்டோ கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து பிஸ்டன் மேல் நிறைய ஊற்றினோம். வாரநாளில் குறையக் குறைய அங்கிளே ஊற்றினார். இரண்டு ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு எண்ணெய் கீழே வடிந்திருந்தது. பிஸ்டனுக்கு மேலே சிலிண்டர் சுவரில் இருந்த துருவை எமரித் தாளால் சுத்தமாகத் தேய்த்தார். அந்தத் துரு விளிம்பு இருந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதில் மாட்டி உடையுமாம். கட்டையை வைத்து மெதுவாக நாலு தட்டு. பிஸ்டன் நூலளவு இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அப்பா. உடனே நம் கொட்டகைதான் கண்ணுக்குள் வந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கீற்றுக் கொட்டகை புல்லட் மேலேயே சரிந்தது. அன்றோடு நின்ற வண்டி. உள்ளே தண்ணீர் இறங்கி ரிங் துருப்பிடித்திருக்கும். ஆனால் அதிலும் இந்தக் கப்சாய் போலத்தான், வார்ப்பிரும்பு சிலிண்டர், அலுமினியப் பிஸ்டன். அதுவும் நம் வண்டியில் சிலிண்டர் நேராக நிற்கிறது, ஊற்றிய எண்ணெய் பிஸ்டன் முழுக்கப் பரவும். இது விட்டதென்றால் அதுவும் விடும்.

நீங்கள் ஒன்று செய்தால் போதும். டிராக்டர் ஸ்பேர் கடையில் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய் கால் லிட்டர் வாங்கி, டீசலோடு சரிபாதி கலந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக அரை டம்ளர் ஊற்றுங்கள். பிளக்கே வரவில்லை என்றால் முறுக்காதீர்கள்; அடியில் எண்ணெய் விட்டு நாலு நாள் பொறுங்கள். ஓட்டையைத் துணியால் மூடி, வாரம் ஒருமுறை கொஞ்சம் ஊற்றி வாருங்கள். மச்சான் வந்து கிக்கரை மிதித்துப் பார்க்கிறேன் என்பான், விடவே கூடாது. வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் தள்ளும் கம்பி, புஷ் ராட், வளைந்துவிடும். கிளட்ச் பிளேட்டும் ஒட்டியிருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கீழே இறங்கும் டீசல் இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். ஆயிலை மாற்றாமல் யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டு, அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறேன். லீவு கிடைத்துவிட்டது. ரிங் செட் இப்போது வாங்காதீர்கள், சிலிண்டரை அளந்த பிறகுதான் எந்த அளவு என்று தெரியும். ஆர்.சி. புத்தகம் பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. அதை மட்டும் தேடி எடுத்து வையுங்கள்.

உங்கள் அன்பு மகன்